வரிசையில் இரண்டாவது பானை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாக முடித்தேனா என்று கேட்டால் வாத்தியார்தான் சாட்சி சொல்ல வேண்டும், அவர் இப்போது இல்லை. ஆனால் சித்தூரிலோ திருப்பதியிலோ சொத்து வழக்கு நடத்துகிற எந்த வக்கீலையும் கேட்டுப் பாருங்கள். "வெள்ளைக்காரன் காலத்துக் குடும்பச் சிக்கலா? அந்த டைப்பிஸ்ட் கடை பெஞ்சுக்காரரைக் கூப்பிடு" என்பார். கோர்ட்டுக்கு எதிரே டைப்பிஸ்ட் கடை வாசலில் கிடந்த ஒரு மர பெஞ்சுதான் என் ஆபீஸ். இங்கிலீஷ் எழுத்தை நான் பள்ளியில் படிக்கவில்லை, முகம் பழகுகிற மாதிரிப் பழகினேன். பழைய குமாஸ்தாக்களின் கோணல் கையெழுத்தைப் பட்டம் வாங்கினவர்கள் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் பாதிப் பக்கம் தாண்டியிருப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய் ஆகிவிடும்.

நம்முடைய வேலை உங்களுக்குத் தெரியும். நிலம் இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரிலேயே நிற்கும். இப்போது இருக்கிறவர்கள் அவருக்கு எந்த வழியில் வாரிசு என்று காட்ட வேண்டும். பழைய கோர்ட் தீர்ப்பு, செட்டில்மென்ட் பதிவு, கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் தேடி, யாருக்கு யார் பிறந்தார்கள் என்று வம்சாவளி வரைந்து கொடுக்க வேண்டும். நகலுக்கு மனு போடுவது எப்படி, எந்த அலமாரியில் எது கிடைக்கும் என்பதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதில் பாதி இப்போது உங்கள் போனிலேயே வருகிறது. நான் சொல்லப்போவது ஒரே ஒரு குடும்பத்தின் கதை. இரண்டு குடும்பம் என்றும் சொல்லலாம். ஒன்றா இரண்டா என்பதுதான் அங்கே பிரச்சினையே.

விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற தமிழ்க் குடும்பங்கள். அதில் மேல் வீடு, கீழ் வீடு என்று இரண்டு வீட்டார். மேல் வீட்டுக்குப் பெரியவர் ஏகாம்பரம், அவருடைய தம்பி வரதன். கீழ் வீட்டில் கோவிந்தசாமி. இரண்டு வீட்டு நிலமும் அங்கப்பன் என்ற ஒரு பழைய ஆளின் பெயரில் இருந்தது. நிலத்தை மறுபடி அளக்கிறார்கள் என்றதும், இந்தத் தடவையாவது தனித்தனியாகப் பதிந்துகொள்ளலாம் என்று சேர்ந்தே என்னிடம் வந்தார்கள்.

சேர்ந்து வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏகாம்பரத்தின் மகன் மோகன் திருப்பதியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தான். கோவிந்தசாமியின் மகள் ரேவதி ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பிடித்துக்கொண்டன. இரண்டு வீட்டாரும் எப்போதும் மாமா மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், அதனால் யாருக்கும் மறுப்பில்லை. ஆனி மாதம் நிச்சயம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம்.

நான் தேடிப் பிடித்தேன். பழைய முன்சீப் கோர்ட்டில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாகப்பிரிவினை வழக்கு நடந்திருந்தது. அந்தக் கட்டில் மிஞ்சியிருந்தது கடைசித் தாள் மட்டும்தான். ஆனால் நமக்கு வேண்டியது அந்தத் தாள்தான். எல்லாரையும் பெஞ்சுக்கு வரவழைத்தேன். மாப்பிள்ளை வீடு ஒரு ஆட்டோ, பெண் வீடு ஒரு ஆட்டோ. கல்யாண வீட்டார் என்பதால் டீயோடு மிக்சரும் வாங்கினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கி, ஊர்க் கூட்டத்தில் படிக்கிற மாதிரிப் படித்தேன். "அங்கப்பன் மகன் குப்பனுக்குப் பாதி. அங்கப்பன் மகன் நாராயணனுக்குப் பாதி."

குப்பன் வழியில் வந்தது மேல் வீடு. நாராயணன் வழியில் வந்தது கீழ் வீடு. ஆளுக்குப் பாதி, சுத்தமான காகிதம். யாராவது பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஏகாம்பரத்தின் மனைவி கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

வரதன்தான் கேட்டார். "இன்னொரு தபா படி. ரெண்டு பேருக்கும் ஒரே நைனாவா?"

"அப்படித்தான் இருக்கிறது."

"அப்ப மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. பங்காளிங்க. பையனும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி ஆவுது."

"எத்தினி தலமொறையா மாமா மச்சான்னு கூப்ட்டுக்கினு கீறோம்?" என்றார் கோவிந்தசாமி.

"கேஸ் போட்டுக்கினு அடிச்சிக்கினாங்க இல்ல? பங்காளின்னு சொல்ல வாய் கூசி மாமான்னு மாத்திக்கினு இருப்பாங்க. இன்னாத்த கண்டோம்?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "இங்கிலீஷ் எனக்குச் சரியாக வராது, தப்பாகப் படித்துவிட்டேன்" என்றால் நம்பியிருப்பார்கள். ஐந்தாம் வகுப்பு என்பது அதற்கு மட்டுமாவது உதவியிருக்கும். ஆனால் நான் படித்ததில் ஒரு எழுத்து தப்பில்லை. இல்லாத தப்பை நான் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. அதே சமயம், அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தை முறிக்கவும் மனம் வரவில்லை.

"ஆடி பிறக்கப்போகிறது" என்றேன். "ஆடியில் எப்படியும் கல்யாணம் கிடையாது, பேச்சும் கிடையாது. யாரும் நிறுத்தினதாகவும் சொல்ல வேண்டாம், நடத்துவதாகவும் சொல்ல வேண்டாம். ஆடி போகட்டும். அதற்குள் நான் பார்க்கிறேன்."

பதில் தெரியாத நேரத்தில் பதில் சொல்லாமல் அவகாசம் வாங்குவது ஒரு வித்தை. அந்த அவகாசத்துக்கு ஒரு கௌரவமான பெயர் வேண்டும். எனக்கு ஆடி மாதம் கைகொடுத்தது.

மறு வாரம் ரேவதி கம்பெனி யூனிஃபார்மோடு நேராக பெஞ்சுக்கு வந்து நின்றாள்.

"தாத்தா, நீங்கதானே படிச்சது?"

தாத்தா என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் "நான்தான்" என்றேன்.

"கம்பெனி பஸ்ல ஏறனா, 'இன்னாடி, உங்க அண்ணன் போன் பண்ணலியா'ன்னு கேக்கறாளுங்க. ஊரு பூரா தெரிஞ்சிபோச்சு. அவங்கம்மா எங்க வாசல்ல நிக்கறதே இல்ல. ஒரு காகிதம் சொன்னா அண்ணன் ஆயிடுவாரா?"

"அந்தப் பையன் என்ன சொல்கிறான்?"

"அவரு ரத்தம் டெஸ்ட் பண்றவரு. ரத்தத்த வெச்சி பாக்கலாம்னு சொன்னாரு. அவங்க சித்தப்பா அதுக்கும் ஒத்துக்கல. 'ஊசி போட்டா மொற தெரியுமா'ன்னு கேட்டாராம்."

வரதன் சொன்னதில் எனக்கும் சம்மதம்தான். நம் பக்கத்தில் முறை என்பது ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. நல்லது கெட்டதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

"நீங்க இன்னாதான் சொல்றீங்க?" என்று கேட்டாள். "பாக்கறேன், பாக்கறேன்னா நான் எத்தினி நாள் தலயக் குனிஞ்சிக்கினு பஸ் ஏறது?"

"ஆவணிக்குள் உண்மை எதுவோ அதைச் சொல்கிறேன். உனக்குப் பிடித்ததைச் சொல்வேன் என்று நினைக்காதே" என்றேன். முகம் சுருங்கியது. ஆனால் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணிடம் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

அவள் போன இரண்டாவது நாள் அவளுடைய அப்பா வந்தார், தனியாக. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். "அண்ணா, ஒண்ணும் தோண்டாதீங்க. காகிதத்துல மகன்னு கீது இல்ல? அது அப்டியே இருக்கட்டும். நாராயணன் அங்கப்பனுக்கு மகன் இல்லன்னு ஏதாவது வந்து நின்னுச்சின்னா, எங்களுக்குப் பாதி ஏதுன்னு வரதன் கேப்பான். பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கலாம். கழனி போனா எங்க போயி தேடறது?"

"பெண்ணிடம் சொன்னீர்களா?"

"அவகிட்ட சொன்னா இன்னிக்கே வீட்ட விட்டுப் போயிடுவா" என்றார் சிரிக்காமல்.

இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். மகளுக்கு, நாராயணன் அங்கப்பனின் மகனாக இருக்கக் கூடாது. அப்பாவுக்கு அவர் மகனாக இருந்தே ஆக வேண்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே சோறு தின்கிறவர்கள்.

இதற்கு முன்னால் பலமனேர் பக்கத்து வழக்கு ஒன்றில், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அப்பாவுக்கு மகன், மகள் என்று காகிதத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எழுதினவன் குடித்துவிட்டு எழுதவில்லை. காரணம் இல்லரிகம். ஆண் பிள்ளை போதாத வீட்டில், அல்லது பாடுபட ஆள் வேண்டிய வீட்டில், மகளைக் கட்டிக்கொடுத்து மாப்பிள்ளையை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று நீங்கள் சிரிக்கிற மாதிரி இல்லை. இல்லரிகம் போனவனுக்கு மகனுக்கு உண்டான பங்கு உண்டு, அப்படிப் பேசித்தான் வரவழைப்பார்கள். பாகம் பிரிக்கும்போது மகன் பங்கு என்பதால் மகன் என்றே எழுதிவிடுவதும் உண்டு. கோர்ட்டுக்கு நிலம்தான் கணக்கு. யார் வயிற்றில் யார் பிறந்தார்கள் என்று எழுதி வைப்பது அதன் வேலை இல்லை. ஒரு காகிதத்தைக் கையில் எடுத்ததும் இது எதற்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

நாராயணனும் இல்லரிகம் வந்தவரோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் சந்தேகம் வம்சாவளி ஆகாது. காகிதம் அந்த ஒரு தாளோடு தீர்ந்துவிட்டது. ஊருக்குப் போனேன். மேல் வீட்டு முற்றத்தில் எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டேன். "மேல் வீட்டில் சாவு விழுந்தால் கீழ் வீட்டார் எத்தனை நாள் தீட்டுக் காப்பீர்கள்?"

"மூணு நாளு" என்றார் கோவிந்தசாமி.

பங்காளி என்றால் கருமாதி வரைக்கும் காக்க வேண்டும். மூன்று நாள் என்றால் சம்பந்தி வழி. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் வரதன் லேசுப்பட்டவர் இல்லை. "சண்டக்கி அப்புறம் கொறச்சிருப்பாங்க. செத்தா எட்டிப் பாக்கறதே பெருசுன்னு இருந்த காலம் அது" என்றார். சரியான கேள்வி. எதிரில் இருக்கிறவன் சரியான கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். அவன் உங்கள் வேலையைச் செய்கிறான்.

"குலதெய்வம்?"

"எங்களுக்கு இங்கயே ஏரிக்கரைல" என்றார் ஏகாம்பரம்.

"எங்களுக்கு பாலசமுத்திரம் பக்கம்" என்றார் கோவிந்தசாமி. "ஆடில ஒரு ஞாயித்துக்கெழம பொங்க வெப்போம். மொட்ட, காது குத்தறது எல்லாம் அங்கதான்."

"அதுவும் சண்டையாலதான்" என்றார் வரதன். "எங்க பொங்கல்ல இவங்கள சேத்துக்கல. போயி வேற சாமிய தேடிக்கினாங்க. வேண்டிக்கினா எந்த சாமி வேணாம்னு சொல்லுது?"

இதுவும் நியாயமான பேச்சு. நான் கோவிந்தசாமி பக்கம் திரும்பினேன். "அங்கே உங்கள் பானையை எந்த இடத்தில் வைப்பீர்கள்?"

அவர் விழித்தார். "எங்க எடத்துலதான். கூப்பிடுவாங்க, போயி வெப்போம். துன்னுட்டு வருவோம்."

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. குலதெய்வப் பொங்கலில் பானைகள் வரிசையாகத்தான் வைக்கப்படும். மூத்தவன் வீட்டுப் பானை முதலில், அடுத்தவன் வீட்டுப் பானை அடுத்து. வேண்டுதலுக்கு வருகிறவர்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வரிசைக்கு வெளியே, எங்கேயாவது மூன்று கல் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். கீழ் வீட்டுப் பானை வெளியே நின்றால் வரதன் சொன்னது சரி. வரிசைக்குள் நின்றால், அந்த இடத்தை வேண்டிக்கொண்டு வாங்க முடியாது. அங்கே பிறந்திருக்க வேண்டும்.

உடனே கோவிந்தசாமியைத் தனியாகக் கூப்பிட்டு விவரம் கேட்டிருக்கலாம். போன் போட்டு அங்கே இருக்கிறவர்களிடமே விசாரித்திருக்கலாம். நீங்களாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்கள், எழுதி வந்து நீட்டியிருப்பீர்கள். வரதன் அதையும் ஒரு காகிதம் என்று சொல்லி ஒதுக்கியிருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வரதா, அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு வருகிறாய்" என்றேன். "அண்ணனையும் கூட்டிக்கொள். அங்கே யாரிடமும் எதற்கு வந்தோம் என்று சொல்லக் கூடாது. பேசக் கூடாது. பார்க்க மட்டும் வேண்டும்."

"பொங்கல் போடுவாங்களா?" என்று கேட்டார் வரதன்.

"போடுவார்கள்."

"அப்ப வர்றேன்."

நகரியில் பஸ் மாறி, கடைசிக் கொஞ்ச தூரம் ஆட்டோவில் போனோம். எல்லைப் பக்கம் என்பதால் வரதனுடைய போன் ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் மாறி மாறி வரவேற்புச் சொல்லிக்கொண்டே வந்தது. "இதுக்கே எந்த ஊருன்னு தெர்ல" என்றார். கரும்புக் கொல்லை தாண்டி ஒரு வேப்பமரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய கற்கள். கார், டிராக்டர், டூவீலர் என்று கூட்டம். கோவிந்தசாமி குடும்பம் முன்னாடியே வந்திருந்தது. ரேவதி எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். மோகனும் திருப்பதியிலிருந்து வந்து தூரத்தில் தன் டூவீலர் மேல் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

அந்த வகையறாவின் பெரியவர் துரைசாமி, மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பு வரிசைக்கு முன்னால் நின்றார். சாமியைக் கும்பிட்டுவிட்டுக் குரல் கொடுத்தார்.

"பெரிய வீட்டுப் பானை."

அவருடைய மருமகள் முதல் அடுப்பில் பானையை ஏற்றினாள்.

"முனியம்மா வீட்டுப் பானை."

கோவிந்தசாமியின் மனைவி எழுந்து போய் இரண்டாவது அடுப்பில் வைத்தார். எந்தத் தயக்கமும் இல்லை, வீட்டு அடுப்பில் வைக்கிற மாதிரி வைத்துவிட்டு விறகைத் தள்ளினார்.

"கொல்லமேட்டு வீட்டுப் பானை. கடசி வீட்டுப் பானை."

அதோடு வரிசை முடிந்தது. பிறகுதான் வேண்டுதல்காரர்கள் தங்கள் கல்லைக் கூட்ட ஆரம்பித்தார்கள், அந்தாண்டை தள்ளி.

பேசக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததை மீறி வரதன்தான் எழுந்து துரைசாமியிடம் போனார்.

"பெரியவரே, இவங்க விஜயபுரத்துக்காரங்க. இன்னாத்துக்கு ரெண்டாவது?"

துரைசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டாமவன் வீடு. ரெண்டாவது வெக்காம பின்ன எங்க வெக்கறது?"

"அவரு இங்கயே இல்லியே."

"போனாரு. இல்லரிகம் போனாரு. போனா பொறந்தது மாறிடுமா? எங்க தாத்தாங்க நாலு பேரு, அதுல ரெண்டாமவரு நாராயணன். அவரு எடத்த நாங்க யாருக்கும் குடுக்கல."

"முனியம்மா யாரு?"

"அவரு கட்டிக்கினது. பொண்டாட்டி வீட்டுக்குப் போயிட்டான்னு கூடப் பொறந்தவங்க கிண்டலா வெச்ச பேரு, முனியம்மா வீட்டுப் பானைன்னு." துரைசாமி சிரித்தார். "கிண்டல் பண்ணவங்கல்லாம் போயிட்டாங்க. பேரு நெலச்சிபோச்சு. நீங்க யாரு?"

வரதன் எங்கள் பக்கம் வந்து அண்ணன் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அண்ணனிடம் கேட்டார். "கீழ் வீட்டுக்காரங்க கெணத்துக்குப் பக்கத்துல இன்னா கழனி?"

"முனியம்மா கழனி" என்றார் ஏகாம்பரம்.

"தெனம் அது வரப்பு மேலதான் நடந்து போயி தண்ணி கட்றேன். யாரு முனியம்மான்னு ஒரு நாளும் கேக்கல."

"நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார் ஏகாம்பரம். "அங்கப்பன் பொண்ணு. குப்பனுக்குக் கூடப் பொறந்தது. நம்ம வீட்ல பொறந்துட்டு, நமக்கே பேரு தெரியாம இருந்திருக்குது பாரு."

கோவிந்தசாமி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ரேவதியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதே வந்தது.

"சரி. அப்ப நாராயணன் எங்க வீட்டு மகன் இல்ல" என்றார் வரதன். "வெளியாளு. மகன் இல்லாதவனுக்குப் பாதி நெலம் ஏது?"

கோவிந்தசாமி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நான்தான் வேண்டாம் என்றேனே என்று அதில் எழுதியிருந்தது. ரேவதி எழுந்து நின்றுவிட்டாள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கோர்ட்டுக்கு எதிரே என் பெஞ்சில் கிடந்து நான் தயார் செய்துவைத்திருந்த பதில். ஆனாலும் சொல்லவில்லை. சாமி முன்னால், பானை பொங்காத நேரத்தில், நான்கு பேர் பார்க்க ஒருவரை மடக்கினால் அவர் தோற்றுப்போவார், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். "பொங்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்" என்றேன்.

பானைகள் வரிசைப்படி பொங்கின. இலை போட்டார்கள். துரைசாமி, யார் என்று தெரியாமலேயே, வரதனுக்கு இரண்டு தரம் போட்டார். முனியம்மா வீட்டுப் பானையிலிருந்து கோவிந்தசாமியின் மனைவியும் கொண்டுவந்து போட்டார். வரதன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையை நக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வரதா, நாராயணன் அங்கப்பனின் மகன் என்றே வைத்துக்கொள். அப்போது பாதி நிலம் அவருக்கு. உண்டா இல்லையா?"

"உண்டு."

"இல்லரிகம் மாப்பிள்ளை என்று வைத்துக்கொள். இல்லரிகத்துக்கு என்ன பங்கு?"

அவர் மறுபடி விரலை நக்கினார்.

"மகன் பங்குதானே? அப்போதும் பாதி அவருக்குத்தான். நீ எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் நிலம் நகரப்போவதில்லை. நகருகிறது ஒன்றே ஒன்றுதான். மகன் என்றால் அந்தப் பெண் உனக்கு மகள் ஆகிறாள். இல்லரிகம் என்றால் மருமகள் ஆகிறாள். எது வேண்டும் என்று சொல்."

"இல்லரிகமே இல்ல, சும்மா வந்து ஒட்டிக்கினாருன்னு நான் சொன்னா?"

"அதை உங்கள் குப்பன் கோர்ட்டில் சொல்லிப் பார்க்காமலா இருந்திருப்பார்? அவர் நேரில் பார்த்த மச்சானை அவராலேயே வெளியே தள்ள முடியவில்லை. கோர்ட்டு பாதியைக் கொடுத்துவிட்டது. இத்தனை தலைமுறை உழுதும் ஆகிவிட்டது. நீ இப்போது புதிதாக என்ன சொல்லப்போகிறாய்?"

வரதன் இலையை மடித்தார். தன் பக்கமாகவே மடித்தார், விருந்து பிடித்திருந்தது என்று அர்த்தம். "பெஞ்சுக்காரரே, நீ கோர்ட்டுக்கு உள்ள போயிருக்கணும். வெளிய உக்காந்துக்கினு வீணாப்போற" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

ஏகாம்பரம் அதற்குள் எழுந்துவிட்டார். நேராகக் கோவிந்தசாமியிடம் போய், "மச்சான், ஆவணில மொத முகூர்த்தமா, ரெண்டாவதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். தூரத்தில் டூவீலர் மேல் இருந்தவனைப் பார்த்து வரதன் கத்தினார், "டேய், அங்க இன்னா வெயில்ல காயற? வந்து துன்னு." ரேவதி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அந்த அடுப்பு அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

முதல் முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குப் பங்காளி யார் என்று யாரும் கேட்கத் தேவையில்லாமல் பாலசமுத்திரத்திலிருந்து துரைசாமி ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். பந்தி பரிமாறும்போது அவர்களை எல்லாருக்கும் காட்டி, "எங்க சம்பந்திங்க, ரொம்ப பழைய சம்பந்தம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் வரதன்தான்.

வம்சாவளியை நான் மறுபடி எழுதினேன். அங்கப்பனுக்குக் கீழே மகன் குப்பன், மகள் முனியம்மா. முனியம்மாவுக்குப் பக்கத்தில் கணவர் நாராயணன், இல்லரிகம், கோர்ட் தீர்ப்புப்படி மகன் பங்கு. வரதனையே முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட வைத்தேன். நிலத்தைப் பிரித்துப் பதிவது உங்கள் வேலை என்றால், யார் தகராறு செய்யக்கூடுமோ அவர் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். நண்பர்களின் கையெழுத்து பிறகு தானாக வரும்.

எம்.ஆர்.ஓ. என்கிற மண்டல வருவாய் அதிகாரி ஆபீசுக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்தே போனோம். கல்யாணம் ஆன புதுசு, ரேவதியும் லீவு போட்டு வந்திருந்தாள். சீட்டில் இருந்த பையன் நல்லவன், கவனமாகப் படித்தான். ஒரு இடத்தில் நிறுத்தி, தெலுங்கில் கேட்டான். "இந்த முனியம்மா யாரு? பழைய காகிதம் எதுலயும் இவங்க பேரே இல்லியே."

என்னைத்தான் கேட்டான். நான் வாயைத் திறக்கிறதற்குள் கோவிந்தசாமி சொன்னார், "அவங்க எங்க கழனி, சார்." வரதன், "எங்க வீட்டுப் பொண்ணு" என்றார். பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ரேவதி முன்னால் வந்தாள். "மேல் வீட்ல பொறந்து கீழ் வீட்ல வாழ்ந்தவங்க, சார்" என்றாள். "நான் கீழ் வீட்ல பொறந்து மேல் வீட்டுக்குப் போயிருக்கறேன். எழுதிக்கோங்க."

பையன் எழுதிக்கொண்டான். அந்த ஆபீசில் நான் பேசாமல் நின்ற நாள் அது ஒன்றுதான்.